வரிசையில் எல்லோருக்கும் விசேஷம்

கன்டெய்னர் யார்டு கம்ப்யூட்டருக்கே சட்டம் எழுதிக் கொடுத்தவன் நான். சரி, பொய். கையெழுத்துப் போடுவதற்குள்ளேயே எனக்கு நாக்கு வெளியே தள்ளிவிடும். எழுதியது ஆபீஸ் பொண்ணு. நான் எதிரில் உட்கார்ந்து அவள் வாங்கிக் கொடுத்த பஜ்ஜியைத் தின்றேன்.

திருவொற்றியூரில் யார்டு வாசலில் எங்கள் டிரெய்லர் லாரிகள் வரிசை கட்டி நிற்கும். யார் முன்னே, யார் பின்னே என்று தினமும் சண்டை. வரிசைச் சட்டத்தைக் கம்ப்யூட்டருக்குப் புரிகிற மாதிரி எழுதி நெட்டில் போட்டுவிட்டால், வாசல் மெஷினும் எங்கள் போன்களும் தானாகவே படித்துக்கொண்டு ஒரே வரிசையைக் காட்டும் என்றாள் அந்தப் பொண்ணு.

"உங்களுக்குள்ள வேற ஏதாவது வழக்கம் இருக்காண்ணா?"

"வூட்ல விசேஷம்னா அவன் முந்திப் போய்க்கலாம்மா. யாரும் ஒண்ணும் கேக்க மாட்டாங்க."

அதையும் எழுதிவிட்டாள். போனில் 'விசேஷம்' என்று ஒரு பட்டன் முளைத்தது. அமுக்கினால் பச்சையாக எரியும்.

நேற்று எனக்கு நிஜமாகவே விசேஷம். ராயபுரத்தில் தங்கச்சி மகளுக்குக் காது குத்து. தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் குத்தவேண்டும். அந்த மடி என்னுடையது. ஆனால் கன்டெய்னரை இறக்காமல் வண்டியை விட்டு நகர முடியாது. பெருமையோடு பட்டனை அமுக்கினேன். என் இடம் அசையவே இல்லை. போனை உற்றுப் பார்த்தால், வாசல்வரை எல்லா வண்டிக்கும் பச்சை!

முன்வண்டிக்காரனைப் பார்த்துக் கத்தினேன். "உனுக்கு இன்னாடா விசேஷம்?"

"என் மாமியா ஊருக்குப் போயிட்டா மாமு. இத்த வுட வேற இன்னா விசேஷம் வோணும்?"

அதற்குள் தங்கச்சியின் போன். "அண்ணா, கொயந்த புதுத் துணி போட்டுகினு வாசலையே பாத்துகினு கீது. நீ வர்றியா, இல்ல காது குத்த வந்த பத்தர வூட்டுக்கு அனுப்பிடவா?"

ஆபீசுக்கு ஓடினேன். நிலைமையைக் கேட்ட பொண்ணு யோசித்தாள். "பட்டன் வர்றதுக்கு முன்னாடி மட்டும் ஏன்ணா யாரும் பொய் சொல்லல?"

அப்போதுதான் என் மரமண்டைக்கு உறைத்தது. "முந்திப் போனவன் மறுநாளு பின்னால நின்ன அத்தினி பேருக்கும் பிரியாணி போடணும்மா. அன்னிக்கு சொல்ல வுட்டுட்டேன். வாய் பூரா பஜ்ஜி."

அவள் சிரித்துக்கொண்டே ஒரு வரி சேர்த்தாள். எல்லாப் போனும் கிணுகிணுத்தது. 'விசேஷக்காரர் நாளை பிரியாணி போடவேண்டும்.' சடசடவென்று பச்சைகள் அணைந்தன. முன்வண்டிக்காரனின் மாமியார் அந்த நிமிஷமே ஊரிலிருந்து திரும்பிவிட்டாள். என் பட்டன் மட்டும் எரிந்தது. வண்டிகள் ஒதுங்கி வழிவிட்டன.

கன்டெய்னரை இறக்கிவிட்டு, ராயபுரத்தில் வேர்த்து விறுவிறுத்துப் போய் உட்கார்ந்தேன். குழந்தை ஏறி மடியில் சாய்ந்தாள். பத்தர் ஊசியை எடுத்தார். நான்தான் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டேன். ஐயோ என்று ஒரு சத்தம். அது குழந்தையில்லை, அது...

"யோவ் மாமு! பிரியாணி அண்டாவ தொறந்தாச்சு, எல்லாரு போன்லயும் 'இன்னிக்கு பிரியாணி'ன்னு உன் வண்டி நம்பருதான் வந்துகினு கீது! நேத்து கதய சொன்னது போதும், வந்து கரண்டியப் புடி!"