மைனாவின் தாகம்

வியர்த்த குதிரையின் முதுகில் போர்த்திய சாக்கிலிருந்து ஒரு வாசனை வரும். வெந்த கொள்ளும் ஈரச் சணலும் கலந்த அந்த வாசனையை இன்றைக்கும் எங்கேயாவது முகர்ந்தால், திருத்துறைப்பூண்டி ரயிலடியில் அப்பா ஜட்கா ஓட்டிய நாட்களும் எங்கள் செவலைக் குதிரை மைனாவும் கண்முன் வந்துவிடும்.

கூலி உயர்வு கேட்டு அறுவடை நின்றுபோன தை மாதம் அது. சம்பாக் கதிர் முற்றிச் சாய்ந்து கிடந்தது. வரப்பெல்லாம் கொடியும் போலீசுமாக இருந்ததால் ரயிலடிக்கு ஆள் வரத்துக் குறைந்து, மைனா வண்டியில் பூட்டப்படாமலே நின்றது. அறுப்புக்குப் போகிற அம்மாவும் வீட்டில்தான் இருந்தாள். காணும் பொங்கலன்று, குதிரைகள் எல்லைவரை ஓடித் திரும்பும் எல்கைப் பந்தயத்தில் முதலில் வருகிற குதிரைக்கு ஒரு மூட்டை நெல் என்று தண்டோரா போட்டதும் அப்பா பேர் கொடுத்துவிட்டார்.

மைனா இரண்டாவதாகத்தான் வந்தது. நெல் கிடைக்கவில்லை, ஒரு பித்தளை அண்டா கிடைத்தது. வார் பட்ட இடமெல்லாம் சோப்பு நுரைபோல வியர்வை வழிய, விலா ஏறி இறங்க, வாசலில் வந்து நின்றது. ஜட்காக்காரர்களிடையே அந்தக் காலத்தில் ஒரு கட்டுப்பாடு உண்டு: "ஓடின குதிரைக்குத் தண்ணி காட்டுனா குடல் முறுக்கிக்கும்." வியர்வை காயும்வரை சாக்கைப் போர்த்தி, வாயைக் கட்டி நிறுத்திவைப்பார்கள். அப்பா அதைக் கல்நெஞ்சத்தோடு செய்யவில்லை. மைனா குடிக்கிறவரை தானும் ஒரு வாய் தண்ணீர் தொடாமல், உதடு வெடிக்க அதன் பக்கத்திலேயே நிற்பார். "அது நாக்கு வறண்டு நிக்கிறப்ப நான் மட்டும் எப்படிக் குடிக்கிறது?" என்பார்.

அன்றைக்கு வெயில் அதிகம். மைனாவின் கால்கள் நடுங்குவதைப் பார்த்ததும் அம்மா அந்தப் புது அண்டாவையே எடுத்துப் போய்த் தண்ணீர் நிரப்பிக்கொண்டு வந்தாள்.

"வேணாம் புள்ள, செத்துப்போயிரும்!" என்று அப்பா குறுக்கே நின்றார்.

"நடவுல பண்ணைக் காரியக்காரரும் எங்களுக்கு இதத்தான் சொல்றாரு, வேர்வையோட தண்ணி குடிக்கக் கூடாதுன்னு. குடிச்ச நாங்க யாரு செத்தோம்? நகருங்க." அவளே வாய்க்கட்டை அவிழ்த்துவிட்டாள்.

மைனா தலையைத் தூக்காமல் குடித்தது. அப்பா அதன் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுதார். பக்கத்து வீட்டு ஜட்காக்காரர் காசி மாமா ஓடிவந்து, "தங்கச்சி, கொன்னுட்டியே! நாளைக்கு வண்டிய நீதான் இழுக்கணும்" என்றார்.

"இழுக்கிறேன். அண்ணன் மட்டும் ஏறாதீங்க, அச்சு முறிஞ்சிரும்" என்றாள் அம்மா. ஆனாலும் மைனாவை விட்டு அவள் கண்ணை எடுக்கவில்லை.

குடல் முறுக்கி மைனா எப்போது வயிற்றைத் திரும்பிப் பார்க்கும், எப்போது படுத்துப் புரளும் என்று தெருவே காத்திருந்தது. பொழுது சாய்கிற நேரத்தில் அது வாலைத் தூக்கி, நிதானமாக லத்தி போட்டது. குடல் முறுக்கவில்லை என்பதற்கு அதுதான் அடையாளம். "போட்டுட்டா! போட்டுட்டா!" என்று அப்பா கத்தியதில் காக்கைகள் பறந்தன. பிறகு அவர் உட்கார்ந்து, அண்டாவில் மைனா மிச்சம் வைத்திருந்த தண்ணீரை இரண்டு கையாலும் அள்ளிக் குடித்தார்.

ஜட்கா நின்ற இடத்தில் இப்போது இருசக்கர வண்டிகள் நிற்கின்றன. அப்பா இல்லை. எல்கைப் பந்தயம் மட்டும் தார்ச்சாலையில் இன்னும் நடக்கிறது. போன தடவை அங்கே நுரை வழிய நின்ற ஒரு குதிரையின் பக்கத்தில், பாட்டிலைச் சாய்த்துக் குளிர்ந்த தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தான் ஒரு பையன். முன்பின் தெரியாதவர்களிடம் பேசப் பயப்படுகிற நான், எப்படியோ கிட்டே போய், "தம்பி, அதுக்கும் கொஞ்சம் காட்டுப்பா" என்றேன்.

"ஓடின குதிரைக்குக் காட்டக் கூடாதுக்கா, குடல் முறுக்கிக்கும்" என்று சிரித்துவிட்டு, மீதியையும் குடித்தான்.

அந்தப் பேச்சு அப்படியே இருக்கிறது. அதை நம்பி, குதிரையோடு சேர்ந்து தானும் தாகமாய் நின்ற ஆள்தான் இல்லை.