மாதாவுக்குப் போன வயர்

கப்போவின் குறடு காற்சட்டைப் பையில் கிடந்து தொடையில் இடித்துக்கொண்டே வந்தது. ஸ்தாசியோனே சென்ட்ராலே ரயில் நிலையத்தைத் தாண்டி ஒரேத்தோப் பக்கம் நடக்கும்போதுதான் அதைத் திருப்பிக் கொடுக்காமல் வந்தது தெரிந்தது. திரும்பிப் போகவில்லை. எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். அதற்குப் பிறகு எத்தனை வேலைகளை விட்டேன் என்று எனக்கே கணக்கில்லை. ஆனால் ஒப்பந்தக் கடதாசி தந்த முதல் வேலை, அன்று பாதியில் விட்டு வந்த அதுதான். அடுத்த மாதம் வதிவிட அனுமதியான பெர்மெஸ்ஸோவைப் புதுப்பிக்க அந்தக் கடதாசியோடுதான் குவெஸ்தூரா பொலிஸ் அலுவலகத்துக்குப் போகவேண்டும்.

கப்போ என்பது எங்கள் வேலைக்குழுவின் தலைவர். பலெர்மோ நகரின் பழைய மஞ்சள் தெருவிளக்குகளைக் கழற்றிவிட்டு, ஆள் நடமாட்டத்துக்கேற்பத் தானாகவே கூடிக் குறையும் வெள்ளை விளக்குகளைப் பூட்டிக்கொண்டிருந்தோம். ஒவ்வொரு விளக்கும் எவ்வளவு மின்சாரம் குடிக்கிறது என்பது அலுவலகத் திரையில் தெரியும். அன்று காலை, ஒரு சந்தின் விளக்கு கூடுதலாகக் குடிப்பதாகக் கப்போவின் கைபேசிக்குத் தகவல் வந்தது. போய்ப் பார்த்தோம். விளக்குப் பெட்டியின் பின்னாலிருந்து மெல்லிய வயர் ஒன்று சுவரோடு இறங்கி மாதாவின் சொரூபக் கூட்டுக்குள் போயிருந்தது. பழைய இணைப்பில் இரவில் மட்டும் மின்சாரம் வரும். புதியதில் பகலிலும் ஓடியது. அதனால் மாதாவின் மின்குமிழ் பட்டப்பகலில் எரிந்து தன்னைத்தானே காட்டிக்கொடுத்துவிட்டது.

கப்போ அந்தச் சந்தில் பிறந்தவர். மேலே பார்த்தார், சிலுவை போட்டுக்கொண்டார், குறட்டை என்னிடம் நீட்டினார்.

"நீ வெட்டு. நீ இந்துதானே, உன்னை அவ கோவிக்கமாட்டா."

ஊரில் எங்கள் வீட்டில் பிள்ளையாரும் மடுக் கோயில் மாதாவும் ஒரே தட்டில் இருந்தவர்கள் என்பது அவருக்குத் தெரியாது. அந்தச் சந்தால் தனியே போகும்போதெல்லாம் நான் செருப்பைக் கழற்றிவிட்டுக் கும்பிடுவதும் தெரியாது. குறட்டை வாங்கினேன், வெட்டவில்லை. வேலையை விட்டு நடந்துவிட்டேன்.

ஒரேத்தோவில் எனக்கு அறை தந்திருந்தவர் மன்னார் அக்கா. வீடுகள் துப்புரவாக்கும் வேலை அவருக்கு. அந்தக் கூட்டுக்குக் கிழமைக்கொரு தடவை பூ மாற்றுகிறவரும் அவர்தான். நடந்ததைச் சொன்னால் மகிழ்வார் என்று நினைத்தேன். வெங்காயம் உரித்த கையை நிறுத்தாமலே கேட்டார்.

"உனக்கென்ன விசரோ? மாதா இருட்டிலையும் இருப்பா. நீ பெர்மெஸ்ஸோ இல்லாமல் இஞ்சை இருப்பியோ?"

அக்கா வெங்காயத்தைச் சட்டியில் போட்டார்.

"சீனக் கடையில பற்றரி விளக்கு விக்கிறாங்கள். விடிய நான் கொண்டு வாறன். நீ போய் வெட்டு, தம்பி."

பின்னாளில் அந்த வேலையையும் விட்டேன். இப்போது அந்தச் சந்தில் ஆள் வந்தால் விளக்கு கூடுகிறது, போனால் குறைகிறது. மாதாவின் பற்றரி விளக்கு மட்டும் ஒரே அளவில் எரிகிறது. அது எந்தத் திரையிலும் தெரியாது. அவ்வழியே போகும்போதெல்லாம், நான் வேலைக்குத் திரும்பிய அந்த மறுநாள் காலைதான் நினைவுக்கு வருகிறது.

வயர் அப்படியே இருந்தது. வண்டியில் வேறு இரண்டு குறடுகள் கிடந்தன. கப்போ அவற்றைத் தொட்டிருக்கவில்லை; என்னைக் கண்டதும் ஏணியைச் சுவரில் சாய்த்தார். அக்கா கூட்டுக்குள் பற்றரி விளக்கைக் கொளுத்திவிட்டு வந்து ஏணியின் காலைப் பிடித்தார். நான் சப்பாத்துகளைக் கழற்றினேன். சப்பாத்தில்லாமல் ஏறினால் சந்தே அதிரக் கத்துகிற கப்போ, தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு எதிர்ச்சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றார். வெறுங்காலோடு ஏறி, பையிலிருந்து குறட்டை எடுத்தேன்.