வியாழக்கிழமை காலைக் காட்சி

போன தை மாதம் நானும் என் மனைவி ராசாத்தியும் கொடைக்கானலிலிருந்து மதுரைக்குப் பழைய படம் ஒன்று பார்க்கப் போய்வந்தோம். இதற்காகவா அவ்வளவு தூரம் என்று கேட்பீர்கள். காரணம் அவள் தம்பி செல்வம். எட்டு வருஷத்துக்கு முன் இங்கே ஒரு படப்பிடிப்பு நடந்தது. கதாநாயகி பாடிக்கொண்டு போகும் பாதையில் விறகுச் சுமையோடு நடக்கப் பதினைந்து பேரைக் கூலிக்குக் கூப்பிட்டார்கள், அதில் அவனும் ஒருவன். மறு வருஷம் மரம் வெட்டும்போது கிளை முறிந்து மேலே விழுந்து செத்துப்போனான். இருபது வயது.

அவன் முகம் இருக்கிற படம் வேறெதுவும் எங்களிடம் இல்லை. சிலோன் தோட்டத்திலிருந்து குடும்பம் வந்தபோது எடுத்த ஒரே போட்டோ, பள்ளங்கி கிராமத்து வீட்டின் ஈரத்தில் பூஞ்சை பிடித்து, அவன் நின்ற மூலை வெளுத்துவிட்டது. அந்தச் சினிமா வெளியானபோது வீட்டில் துக்க வருஷம், கொட்டகைப் பக்கம் போகவில்லை. படத்தின் பெயரும் தெரியாது. அப்போது பெயர் வைக்கவில்லை, எடுத்தவர்கள் தங்கள் கம்பெனிக் கணக்கில் 'மூணாம் நம்பர் படம்' என்று மட்டும்தான் சொன்னார்களாம். கதாநாயகன் யார் என்பது தெரியும். அந்த நடிகரின் பழைய படங்கள் இரண்டு மதுரையில் ஓடுகின்றன, இரண்டிலும் மலை வருகிறது என்று காய்கறி லாரி டிரைவர் ஒருவர் வந்து சொன்னார். தம்பி முகம் மறந்துகொண்டே வருகிறது என்று ராசாத்தி அழாத மாதம் கிடையாது. கிளம்பிவிட்டோம்.

காலை ஐந்தரைக்கு பஸ். மதுரைக்கு நூற்றிருபது கிலோமீட்டர், ஆளுக்குப் பதினோரு ரூபாய். வளைவுகளில் தலை சுற்றுகிறவர்கள் வெறும் வயிற்றோடு ஏறாதீர்கள். ராசாத்தி வத்தலக்குண்டு வரை கண்ணைத் திறக்கவில்லை. அங்கே பத்து நிமிஷம் நிறுத்துவார்கள், டீ சுமார்தான். பத்து மணிக்கு முன்பே மதுரை.

முதல் சிக்கல் அங்கேதான். பழைய படத்தைக் காலைக் காட்சி மட்டுமே போடுகிறார்கள், இரண்டு தியேட்டரிலும் பத்தரைக்கு. மத்தியானத்திலிருந்து புதுப் படம். அன்று வியாழன். வெள்ளிக்கிழமை படம் மாறிவிடும். ஆக, இரண்டில் ஒன்றைத்தான் பார்க்க முடியும்.

தியேட்டர்களுக்கிடையே அரைக் கிலோமீட்டர்தான், இரண்டையும் போய்ப் பார்த்தோம். முதல் தியேட்டரின் கண்ணாடிப் பெட்டிக்குள் கதாநாயகன் பைன் மரத்தில் சாய்ந்து நிற்கும் போட்டோ. இரண்டாவதில் போஸ்டர் மட்டும், அதில் மலையே இல்லை. கதாநாயகி சிவப்புக் குடையோடு சிரித்துக்கொண்டிருந்தாள். ராசாத்திக்கு எழுத்து தெரியாது, போஸ்டரையே வெகுநேரம் பார்த்தாள்.

"ஏங்க, அந்தம்மா செவப்புக் கொட புடிச்சிருந்துச்சுன்னு தம்பி சொல்லியிருக்கான். இதுக்கே போவோங்க" என்றாள்.

நான் பத்து வருஷமாகக் கொடைக்கானலில் வழிகாட்டியாக இருக்கிறேன். எந்தப் பாறையைக் காட்டியும் 'இங்கேதான் இன்ன நடிகர் ஓடினார்' என்று டூரிஸ்ட்டுகளிடம் அளந்துவிட்டுப் பிழைப்பவன். அளந்து அளந்து என் புளுகை நானே நம்பத் தொடங்கியிருந்தேன். போஸ்டர் வரைகிறவன் குடைக்கு எந்தச் சாயமும் பூசுவான், பைன் மரம் பொய் சொல்லாது என்றேன். அந்த மரம் எங்கள் ஊரில் எந்த வளைவில் நிற்கிறது என்றுகூடச் சொன்னேன். முதல் தியேட்டருக்கே திரும்பினோம். பெஞ்சு டிக்கெட் ஒரு ரூபாய் அறுபது காசு.

பைன் மரங்கள் இடைவேளைக்கு அப்புறம்தான் வந்தன. கதாநாயகன் சாய்ந்து நின்றான், பின்னால் புகைவிட்டுக்கொண்டு ஒரு ரயில் போனது. கொடைக்கானலுக்கு ஏது ரயில்? அது ஊட்டி. ராசாத்தி என் பக்கம் திரும்பாமலே எழுந்து வெளியே நடந்தாள்.

இரண்டாவது தியேட்டருக்கு ஓடினோம். மணி பன்னிரண்டே முக்கால். குடைப் பாட்டு இடைவேளைக்கு முன்னாலேயே முடிந்துவிட்டது என்றார் டிக்கெட் கிழிப்பவர். படம் விட்டதும் ராசாத்தி ஆபரேட்டர் அறைக்குப் படியேறி, அவர் காலில் விழாத குறையாகக் கேட்டாள். நல்ல மனுஷர். தகரப் பெட்டியில் வைத்த சுருளை மறுபடி எடுத்து, அந்த இடம் வரை அவிழ்த்து, ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார்.

எங்கள் ஏரிக்கரைப் பாதையேதான். சிவப்புக் குடை தெரிந்தது. அதற்குப் பின்னால் வரிசையாக ஆட்கள். கடுகளவு முகங்கள், அவற்றின் மேலும் சுமையின் நிழல். ராசாத்தி ஒவ்வொரு கட்டமாகக் கண்ணருகே கொண்டுபோய்ப் பார்த்தாள்.

"வெரசா பாரும்மா. பெட்டி ரெண்டு மணி பஸ்ஸுல போகணும்" என்றார் ஆபரேட்டர்.

அவள் என்னைப் பார்த்தாள். "ஏங்க, இதுல எது நம்ம தம்பி?"

எனக்கும் தெரியவில்லை. ஆனால் பழகிய விரல், நாலாவது ஆளைக் காட்டியது. பெட்டியை மூடும்வரை அவள் அந்த ஆளையே பார்த்துக்கொண்டிருந்தாள். மலை ஏறும்போது பஸ்ஸில் மெதுவாகச் சொன்னாள்.

"நீங்க காட்டுனது அவன் இல்லீங்க. நடக்கவிட்டுப் பாத்திருந்தா கண்டுபுடிச்சிருப்பேன்."

எனக்குச் செத்துவிடலாம் போலிருந்தது.

பழைய படம் பார்க்கப் போகிறவர்கள் வெள்ளி அல்லது சனியன்று போங்கள், தவறினால் மறுநாள் ஒன்று மிச்சமிருக்கும். காலைக் காட்சிக்குப் பத்து மணிக்கே நில்லுங்கள். யாருக்காகப் போகிறீர்களோ, எந்தப் படம் என்பதை அவரிடமே விடுங்கள். திரும்புவதற்கு மூன்று மணி பஸ் வசதி.

வந்த கையோடு படக் கம்பெனிக்கு எழுதிப்போட்டேன். போன வாரம் பதில் வந்தது. அந்தப் பிரதி தேய்ந்துபோனதால் அழித்துவிட்டார்களாம், வேறு பிரதியும் இல்லையாம். ராசாத்தியிடம் இன்னும் சொல்லவில்லை. வெள்ளிக்கிழமைதோறும் பேப்பர் வந்ததும், மதுரை சினிமா விளம்பரம் வரும் பக்கத்தைத் தரச் சொல்லி, அந்தக் குடையைத் தேடுகிறாள். நானும் எடுத்துக் கொடுத்துவிடுகிறேன்.