கொட்டகையில் சரிந்த கட்டில்

கோவில்பட்டியில் எங்கள் வீட்டுத் தோட்டத்தில் சின்னத் தகரக் கொட்டகை ஒன்று உண்டு. மகளின் சைக்கிளும் தட்டுமுட்டுச் சாமான்களுமே அதை அடைத்துக்கொள்ளும். புது பைக் வாங்கிய என் கொழுந்தன், என்னைக் கேட்காமலே அங்கே கிடந்த இரும்புக் கட்டிலைச் செங்குத்தாக நிறுத்திவிட்டு வண்டியை உள்ளே திணித்தார்.

மறுநாள் பள்ளிக்குக் கிளம்பிய மகள் சைக்கிளை இழுத்ததும் கட்டில் அவள் மேல் சரிந்தது. பைக்கின் கைப்பிடி அதைத் தடுத்ததால் தப்பினாள். ஓடிவந்த கொழுந்தன், "அண்ணி, வண்டியில கீறல் விழுந்துட்டுதா?" என்றார்.

"பிள்ளையப் பாக்கத் தோணலியா? வண்டிய வெளிய எடுங்க" என்றேன்.

"என் வண்டிதான பிள்ளையக் காப்பாத்திச்சு" என்று முறைத்தார்.

இப்போது கனமான எதையும் நான் நிறுத்தி வைப்பதில்லை. கொட்டகைச் சாவியும் என்னிடம்தான். கொழுந்தனின் பைக் வெயிலில் நிற்கிறது. அவரோடு எனக்குப் பேச்சும் இல்லை.