அஞ்சாப்பு படித்த அம்மா செய்த குற்றம்

ஊறிய பருத்திக்கொட்டைக்கு ஒரு வாசம் உண்டு. பாதி எண்ணெய், பாதி புளிப்பு, மாட்டுக்கு மட்டுமே பிடிக்கும் வாசம். ரெட்டியபட்டிப் பக்கம் எங்கள் வீட்டில் விடிந்ததும் அம்மா அதை ஆட்டுரலில் போட்டு ஆட்டத் தொடங்குவாள், நாலு வயதுப் பிள்ளையான நான் எதிரே குத்தவைத்து, ஊறப்போடாத கொட்டைகளைத் தரையில் அடுக்கி எழுத்து செய்துகொண்டிருப்பேன். முதலில் செய்தது 'மா', அடுத்தது 'டு'. 'அ' எப்போது வந்தது என்று எனக்கு ஞாபகமே இல்லை.

அம்மா 'அஞ்சாப்பு' வரைதான் படித்தவள். ஆனாலும் எழுத்தை எப்படிப் பிள்ளையிடம் சேர்ப்பது என்பதில் அவளுக்கென்று ஒரு பிடிவாதம் இருந்தது. எண்ணெய் டின், தீப்பெட்டி, உரச்சாக்கு என்று கண்ணில் படுவதையெல்லாம் காட்டிப் படிக்கச் சொல்வாள். நான் பாட்டுப்போல் இழுத்து ஒப்பித்தால் மட்டும் பிடிக்காது. “ஆட்டை வரிசையா நிறுத்தி வச்சா அடையாளம் பாக்குறோம்? எங்கிட்டு மேஞ்சாலும் நம்ம ஆடு நமக்குத் தெரியணும்ல?” என்பாள். பள்ளிக்கூடம் சேரும் முன்பே, வருவது திருச்சுழி பஸ்ஸா அருப்புக்கோட்டை பஸ்ஸா என்று ரோட்டில் நிற்பவர்களுக்குப் போர்டைப் படித்துச் சொன்னவள் நான்.

அப்படிப்பட்ட என்னைப் பார்த்துத்தான், ஒன்றாம் வகுப்பில் சேர்க்கப் போன அன்று, டீச்சர் “அ, ஆ வரிசையாச் சொல்லு” என்றார். நான் 'இ' வரை போய், அங்கிருந்து 'ப'வுக்குத் தாவினேன். வகுப்பே சிரித்தது. அம்மா கூச்சத்தோடு, “எதையாச்சும் படிக்கக் குடுத்துப் பாருங்க டீச்சர்” என்றாள். சுவரில் தொங்கிய அட்டையை நானே படிக்க ஆரம்பித்தேன். 'சாப்பிடும் முன் கை கழுவு' என்று முடிப்பதற்குள் டீச்சர் கையமர்த்தி, “அது மனப்பாடம்” என்றார். கேட்டீர்களா கூத்தை! மனப்பாடம் செய்யாததற்காகத் தோற்கடித்துவிட்டு, படித்துக் காட்டியதை மனப்பாடம் என்று தள்ளினால் அந்தப் பிள்ளை எங்கே போய் முட்டிக்கொள்ளும்?

அதோடாவது விட்டாரா? “அஞ்சாப்பு படிச்சிட்டுப் பாடம் நடத்துறியளாக்கும்? வீட்ல கண்டபடி சொல்லிக் குடுத்துப் பிள்ளையக் கெடுத்து வச்சிருக்கீங்க. அடுத்த பிள்ளைக்காவது இந்த வேல வேணாம்” என்றார், அத்தனை பிள்ளைகள் முன்னால். அம்மா, “தப்புதான் டீச்சர்” என்றாள்.

நான் எப்படியோ கரையேறிவிட்டேன், ஏற்கெனவே படிக்கத் தெரிந்தவள்தானே. மாட்டிக்கொண்டவன் என் தம்பி செல்வம். அவன் நாலு வயதில் ஆட்டுரல் பக்கம் வந்து உட்கார்ந்து கொட்டையை அள்ளியபோது அம்மா அவன் கையைத் தட்டிவிட்டாள். “வேணாம்யா, டீச்சர் வைவாக.” அவ்வளவுதான். பள்ளிக்கூடத்தில் பன்னிரண்டு உயிரெழுத்தையும் தண்ணிபட்ட பாடாய் ஒப்பித்தான், 'கெட்டிக்காரன்' என்று பேர் வாங்கினான். நடுவில் ஓர் எழுத்தைத் தொட்டுக் கேட்டால் மட்டும், 'அ'விலிருந்து விரலை நகர்த்திக்கொண்டே வந்துதான் சொல்வான். அஞ்சு வருஷம் அதை ஒருத்தர்கூடக் கவனிக்கவில்லை. ஆறாம் வகுப்பில் வேறு பள்ளிக்கூடம் போய்ப் புத்தகத்தை விரிக்கச் சொன்னபோதுதான் குட்டு வெளிப்பட்டது. ஒன்பதாவதோடு பையைத் தூக்கிப் போட்டுவிட்டான். இப்போது ஷேர் ஆட்டோ ஓட்டுகிறான். போனில் தமிழில் ஏதாவது வந்தால், “கண்ணு கூசுதுக்கா, நீ படி” என்று நீட்டுவான். முப்பத்தைந்து வயதில் என்ன கண் கூச்சம்?

போன வாரம் அவன் மகளை டவுனில் எல்.கே.ஜி. சேர்க்க அவனும் அம்மாவும் நானும் போயிருந்தோம். அங்கிருந்த மேடம் வெகு மரியாதையாகத்தான் பேசினார்: “வீட்ல நீங்க எதுவும் சொல்லிக் குடுக்காதீங்க, குழந்தை குழம்பிரும். எல்லாம் நாங்க பாத்துக்கிறோம்.” தம்பி தலையை ஆட்டினான். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

எங்கள் வீட்டு மாடுகள் போய்விட்டன, விதைத்த காட்டில் பாதி பிளாட் போட்டாகிவிட்டது. அதற்கெல்லாம் நான் ஒப்பாரி வைக்கப் போவதில்லை. ஆட்டோவில் திரும்பி வரும்போது அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு, “யாரு என்ன சொன்னாலும் சரி, இந்தப் பிள்ளைக்கு நீதாம்மா சொல்லிக் குடுக்கணும்” என்றேன்.

அம்மா வெடுக்கென்று கையை உருவிக்கொண்டாள். முன்னால் வண்டி ஓட்டும் மகனுக்குக் கேட்காதபடி குரலைத் தாழ்த்தி, “ஏத்தா, உனக்கென்ன கிறுக்கா? இவனுக்கு நான் ஒண்ணுமே சொல்லிக் குடுக்கல, அப்பிடியும் படிப்பு ஏறல. நானும் கைய வச்சிருந்தா இவன் கதி என்ன ஆயிருக்கும்?” என்றாள்.