மூன்றாம் சுற்றில் ஒரு தழும்பு

என்ஜின் வால்வு ஸ்பிரிங் செய்யும் அந்தத் தொழிற்சாலையில் கடைசிச் சோதனை மேசை அவருடையது. 'காதுக்காரர்' என்றால்தான் எல்லாருக்கும் தெரியும். ஸ்பிரிங்கை எடுத்து ஒரு தட்டுத் தட்டுவார். கணீரென்று ஒலித்தால் நல்லது. சத்தம் அடைத்தால் உள்ளே விரிசல். இருபத்திரண்டு வருஷமாக இதே வேலை. அந்தக் காதை வைத்துக்கொண்டு மனுஷர் அடித்த பெருமை இருக்கிறதே, அப்பப்பா!

மர மேசையில் தட்டியவரைக்கும் வம்பில்லை. சத்தம் இன்னும் துல்லியமாகக் கேட்கட்டுமென்று, மூன்று வருஷத்துக்கு முன்னால் கெட்டியான எஃகுக் கட்டை ஒன்றைத் தாமே தேடிப்பிடித்து மேசையில் பதித்துக்கொண்டார்.

அப்புறம்தான் ஓடுகிற என்ஜின்களுக்குள் ஸ்பிரிங்குகள் உடைய ஆரம்பித்தன. திரும்பி வந்த துண்டுகளை மேலாளர் இவர் முன்னால் கொட்டினார். லென்ஸ் வைத்துப் பார்த்தால், எல்லாமே கம்பியின் மூன்றாம் சுற்றில் கடுகளவுத் தழும்பிலிருந்து முறிந்திருந்தன. அத்தனை சின்னக் காயம் போதும்; லட்சக்கணக்கான தடவை அமுங்கி எழும்போது அதுவே விரிசலாகிவிடும்.

"இது ஷாட் பீனிங் மிஷின் வேலை சார். அங்க ஆளுக்குக் கவனம் போதாது," என்றார் காதுக்காரர்.

எஃகுக் குருணையை வாரியடித்து ஸ்பிரிங்கின் மேற்பரப்பை இறுக்குவது அந்த மிஷின். ஓட்டியவன் அவர் மனைவியின் தம்பி, இவரே சேர்த்துவிட்டவன். சொந்தமென்று பார்க்காமல் உள்ளதைச் சொன்னாராம். அதிலும் ஒரு பெருமை!

"மாமா, குருணையைத் தினமும் சலிச்சுத்தான் போடுறேன். சத்தியமா என் தப்பில்ல," என்று அவன் கையைப் பிடித்துக் கெஞ்சினான்.

"தழும்பு பொய் சொல்லாதுடா."

அந்த வாரமே அவனை வேலையை விட்டு அனுப்பினார்கள்.

புதிதாக வந்தவன் லட்சணத்தையும் பார்த்துவிடுவோமென்று, ஒருநாள் மிஷினிலிருந்து நேராகப் பத்து ஸ்பிரிங்குகளை எடுத்து வந்தார். ஒன்றிலும் தழும்பில்லை. பழக்கதோஷத்தில் ஒன்றைக் கட்டையில் தட்டினார். ஏனோ மறுபடியும் லென்ஸை வைத்தார். மூன்றாம் சுற்றில் கடுகளவு. இன்னொன்றைத் தட்டினார்; அதிலும் அதே இடத்தில் தழும்பு.

மறுநாள் கட்டையைக் கழற்றி எறிந்துவிட்டு ரப்பரை ஒட்டினார். யாரிடமும் மூச்சுவிடவில்லை. அதற்கப்புறம் செய்தவற்றில் ஒன்றுகூட உடைந்து வரவில்லை.

"பார்த்தீங்களா, ஆளை மாத்தினதும் எல்லாம் சரியாயிடுச்சு," என்று மேலாளர் அத்தனை பேர் முன்னாலும் அவரைப் பாராட்டினார். பழி ஓரிடம், பாவம் ஓரிடம்! பாழாய்ப்போன மனுஷர் தலையை வேறு ஆட்டினார்.

வேலை போனதிலிருந்து ஒரு கிடங்கில் மூட்டை தூக்கிக்கொண்டிருந்த மைத்துனன், ஒரு ஞாயிற்றுக்கிழமை அக்காவைப் பார்க்க வந்தான்.

"இப்ப ஸ்பிரிங் உடையறதே இல்லையாமே மாமா?"

"ம்."

"அப்ப நான்தான் எங்கயோ கோட்டை விட்டிருக்கேன். அன்னைக்கு உங்களை எதிர்த்துப் பேசிட்டேன். மன்னிச்சிடுங்க மாமா."

அவர் வாயைத் திறந்தார்.

"சின்னப் பையன்தானே, மனசுல வச்சுக்காதீங்க," என்றாள் மனைவி, கண்ணைத் துடைத்துக்கொண்டு.

"சரி, போகட்டும் விடு," என்று அவனை மன்னித்தார்.