கன்னிமார் பள்ளத்தில் பெயர் சொல்லக் கூடாது

காம்பார் ஊருக்கு மேலே, எண்ணெய் எடுக்கும் செம்பனைக் காடு முடியும் இடத்தில் மலை இரண்டாகப் பிளந்து கிடக்கிறது. அதற்குள் ஓடும் ஆற்றுக்கு எங்கள் ஆட்கள் வைத்த பெயர் கன்னிமார் பள்ளம். அழகுக்குக் குறைச்சலில்லை. இருபக்கமும் பாறைச் சுவர், உச்சி வெயில் மட்டுமே தொடும் பச்சைத் தண்ணீர், ஈர மணலில் கூட்டமாக உட்காரும் பட்டாம்பூச்சிகள். ஏழு கன்னிமார் அங்கே குளிக்கிறார்களாம். யாருடைய பெயராவது காதில் விழுந்தால் அந்த ஆளைத் தங்களோடு தண்ணீருக்குள் வைத்துக்கொள்வார்களாம். அதனால் பள்ளத்தில் எல்லாருக்கும் ஒரே பெயர்தான்: ஓய்.

கத்தரின் அக்கா பிறந்தது கீழே இருந்த ரப்பர் தோட்டத்துத் தொழிலாளர் லயத்தில். இப்போது குனோங் ராபாட்டில் நாசி லெமாக் சோற்றுக் கடை வைத்திருக்கிறார். ஞாயிறு தவறாமல் மாதா கோயிலுக்குப் போவார். பள்ளத்தில் கால் வைத்தால் கன்னிமாருக்கும் பயப்படுவார். நாங்கள் மட்டும் என்ன, பெரிய வீரர்களா?

சில வருடங்களுக்கு முன் ஒரு விடுமுறை நாளில் தண்ணீர் திடீரென்று தேத்தண்ணி நிறமானது. சருகுகள் மிதந்து வந்தன. மேலே மழை பெய்து வெள்ளம் இறங்குகிறது என்று அக்காவுக்குப் புரிந்துவிட்டது. மகன் கால்வின் அருவிக்கடியில் முதுகைக் காட்டி நின்றான்.

"ஓய்! ஓய்! மேல வா!"

தொண்டை கிழியக் கத்தினார். காலையிலிருந்து பள்ளம் முழுக்க அதே சத்தம்தான். இது தன்னைத்தான் என்று அவனுக்கு எப்படித் தெரியும்? அவன் திரும்பவேயில்லை. கீழே, கட்டைகளுக்கு நடுவே உயிரில்லாமல் கிடைத்தான். அந்தக் கன்னிமார்மேல் எனக்கு வரும் கோபம் கொஞ்சநஞ்சமல்ல.

இப்போது அக்கா அடிக்கடி அங்கே போய் அவன் பெயரைச் சொல்லிக் கூப்பிடுகிறார். போன வாரம் நான்தான் காரில் கூட்டிப்போனேன். எங்கள் பழைய தோட்டத்து ராமையாவின் மகள் புஷ்பலதாவும் வந்திருந்தாள். அவளுடைய சின்ன மகள் தண்ணீரில் நின்றாள்.

"ஓய்! தூரமா போகாத!"

பிள்ளை திரும்பவில்லை. மலைமேல் மேகம் கறுத்திருந்தது.

"லதா, பேரச் சொல்லிக் கூப்பிடும்மா," என்றார் அக்கா.

"இங்க போயி பேரச் சொல்லச் சொல்றீங்களே அக்கா! கன்னிமாரு கேட்டுக்குவாங்க லா."

"நானும் சொல்லாமத்தான் இருந்தேன்."

புஷ்பலதா இறங்கிப் பிள்ளையைக் கரைக்கு இழுத்து வந்தாள். அக்கா குனிந்து அதன் ஈரக் கையைப் பிடித்தார்.

"உன் பேரு என்னம்மா?"

பிள்ளை சிரித்தபடி வாயைத் திறந்தது. தாய் அந்த வாயைப் பொத்தினாள்.